இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா?

1

இந்தக் கதை ஒரு பிழையிலிருந்து தொடங்கியது. என் பிழை இல்லை. ஒரு புத்தகத்தில் இருந்த பிழை. பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரை உள்ளவர்களுக்கு என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்த ஒரு மாயக்கதை. முப்பத்தொரு வயது ஆள் ஒருவன் அதைப் படித்தான். இருநூற்று எண்பத்தேழாம் பக்கத்தில் பிழையைக் கண்டான். பென்சிலைக் கையில் பிடித்துக்கொண்டு மூன்று நாள் அங்கும் இங்கும் நடந்தான். அவ்வளவுதான்.

முதல் வரைவில் 'ஒருவன்' இல்லை. 'நான்' என்றுதான் இருந்தது. நான் என்று எழுதினால் இரண்டு வரிக்கு ஒரு தரம் நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிறேன். அவன் என்று எழுதினால் ஒரு பக்கம் வரை உட்கார முடிகிறது. ஆகவே அவன்.

மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

"அவளுடைய மேசையில் ஒரு கட்டுக் காகிதம் தூசி படிந்து—" பொய். அவன் தினமும் துடைத்தான்.

"மரணம் என்பது—" வேண்டவே வேண்டாம்.

"லிஃப்டுக்கு ஆறு கயிறு இருக்கும்." இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

2

லிஃப்டுக்கு ஆறு கயிறு இருக்கும். இரும்பு இழைகளை முறுக்கிச் செய்த கயிறு. ஒன்று போனாலும் மற்ற ஐந்து தாங்கும். அவனுடைய வேலை அந்தக் கயிறுகளைப் பார்ப்பது. கண்ணால் பார்த்தால் தெரியாது. ஒரு பழைய துணியைக் கயிற்றின் மேல் சுற்றிப் பிடித்துக்கொண்டு லிஃப்டை மெதுவாக ஓட்ட வேண்டும். எங்காவது ஒரு இழை அறுந்து நீட்டிக்கொண்டிருந்தால் துணி மாட்டும். மாட்டிய இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அவன் மனைவி வீட்டிலிருந்தபடியே ஒரு பதிப்பகத்துக்கு மெய்ப்புப் பார்த்தாள். அச்சுக்குப் போகும் முன் பக்கங்களில் பிழை பிடிக்கிற வேலை. அதைச் சரியாகச் செய்ய இரண்டு பேர் வேண்டும். ஒருவர் எழுத்தாளர் கொடுத்த மூலத்தைச் சத்தமாகப் படிக்க வேண்டும், காற்புள்ளி முற்றுப்புள்ளி எதையும் விடாமல். மற்றவர் அச்சுப் பக்கத்தில் வரிமேல் விரல் வைத்துத் தொடர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் படிப்பது அவன். தொடர்வது அவள்.

அவன் பிசகில்லாமல் படிப்பான். அதாவது, எதையும் காதில் வாங்காமல் படிப்பான்.

"மேற்கோள் தொடக்கம், கயிறு அழுகிறது, மேற்கோள் முடிவு, என்றாள் அவள், முற்றுப்புள்ளி, புதுப் பத்தி."

"லிஃப்டுக்குள்ள பேசுற பொம்பளை மாதிரியே படிக்கிற," என்பாள். "கதவு திறக்கிறது, கதவு மூடுகிறது. கொஞ்சம் உயிர் கொடுத்துப் படியேன்ப்பா."

"உயிர் கொடுத்தா கமா விட்டுப்போயிடும்."

"அதுவும் சரிதான். படி."

இருபதாம் அத்தியாயத்தை ஒரு ஞாயிறு முடித்தார்கள். செவ்வாய்க்கிழமை அவளுக்குக் காய்ச்சல். அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் இல்லை.

[இங்கே ஒரு பத்தி இருந்தது. ஆஸ்பத்திரி, வரிசையாக நாற்காலிகள், ஒரு டாக்டரின் பேனா. எடுத்துவிட்டேன். நன்றாகத்தான் வந்திருந்தது. அதனால்தான் எடுத்தேன்.]

3

கதைக்குள் இருக்கும் கதையைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் இருநூற்று எண்பத்தேழாம் பக்கம் உங்களுக்குப் பிடிபடாது.

தரையே இல்லாத உலகம். மேலே ஒரு மலையின் விளிம்பு. கீழே மூடுபனி. நடுவில் ஊர்கள் கயிற்றில் தொங்குகின்றன. கதாநாயகிக்குப் பதினைந்து வயது. கயிற்றில் காதை வைத்தால் எந்த இழை எப்போது அறும் என்று அவளுக்குக் கேட்கும். (ஓர் ஊருக்கே ஒரு கயிறுதான். எங்கள் கம்பெனியில் இப்படி வரைந்து நீட்டினால் காகிதத்தை மூஞ்சியில் எறிவார்கள்.)

அந்த ஊரின் அடியில் ஒரு சமையல்கூடம் தனியாகத் தொங்குகிறது. அங்கே ஒரு சமையல்காரி. வாயாடி. யார் சாப்பிட வந்தாலும் திட்டிக்கொண்டேதான் பரிமாறுவாள். பதினேழாம் அத்தியாயத்தில் பெரிய கயிறு தளர்கிறது. பாரத்தைக் குறைத்தால்தான் ஊர் பிழைக்கும். சமையல்கூடத்தை அறுத்துவிடலாம். ஆனால் முடிச்சு உள்பக்கம் இருக்கிறது. உள்ளே நின்றுதான் அறுக்க முடியும். அவள் அறுக்கிறாள். பதினெட்டாம் அத்தியாயத்தில் உடல் பனிக்குள் வீசிய வலையில் கிடைக்கிறது. ஊரே வரிசையில் நின்று அவளைப் பனிக்குள் இறக்குகிறது. ஆகவே சந்தேகம் வேண்டாம். செத்துவிட்டாள்.

பதினேழாம் அத்தியாயத்தின் கடைசி வரியை அவன் படித்து, "முற்றுப்புள்ளி. அத்தியாயம் பதினெட்டு," என்றபோது மனைவி பென்சிலைக் கீழே வைத்தாள்.

"ஒரு நிமிஷம்ப்பா."

"என்ன, தப்பு இருக்கா?"

"தப்பில்ல. செத்துட்டா."

"யாரு?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. அப்படியே சிரித்தும்விட்டாள். "அட பாவி. இப்ப நீதானே படிச்ச!"

"நான் கமா பாத்துட்டிருந்தேன்."

"நான் செத்தாலும் நீ முற்றுப்புள்ளி சொல்லிட்டு அடுத்த பத்திக்குப் போயிடுவ."

[இந்தக் கடைசி வரியை அவள் சொன்னாளா, நான் போட்டேனா? சொன்னாள். கதைக்கு வசதியாக இருக்கிறதே என்று நீங்கள் சந்தேகப்படுவீர்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் வந்ததால் இரண்டு தரம் அடித்தேன். அடித்தாலும் சொன்னதுதானே.]

4

ஏழாவது வாரம் ஒரு வியாழக்கிழமை பதிப்பகத்து அம்மா போன் செய்தார். அவளுக்கு வேலை கொடுத்துவந்தவர் அவர்தான்.

"தம்பி, எப்படி இருக்கீங்கன்னு கேக்க மாட்டேன். எனக்கே அந்தக் கேள்வி பிடிக்காது. அந்தப் பேப்பர் கட்டு..."

"இருக்கு மேடம்."

"இருபது அத்தியாயம் பாத்திருக்கா. மீதி பதினொண்ண வேற ஆள வெச்சு முடிச்சுக்கறேன். வாங்கிட்டு வர ஆள் அனுப்பட்டுமா?"

"நானே முடிச்சுத் தரேன்."

"உங்களுக்கு இது பழக்கமா தம்பி?"

"ரெண்டு வருஷமா கூட உக்காந்து கேட்டிருக்கேன்."

பொய். படித்திருக்கிறான். கேட்டதில்லை.

"சரி. அடுத்த வியாழன் நாலு மணிக்கு அச்சுக்குப் போகுது. உள்பக்கத்துல 'மெய்ப்பு'ன்னு அவ பேர்தான் வரும். அவ பாத்த கடைசிப் புத்தகம். பாத்துச் செய்யுங்க."

[ஏன் அப்படிச் சொன்னான் என்று எனக்குத் தெரியவில்லை. காரணம் இல்லாமல் ஒரு பாத்திரம் எதையும் செய்யக் கூடாது என்பார்கள். அவன் செய்தான். காரணம் கிடைத்தால் இங்கே வந்து எழுதுகிறேன்.]

5

லிஃப்ட் வேலைக்கும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே மெஷின் ரூமில், ஒருவர் லிஃப்டின் கூரைமேல். அவனுக்கு ஜோடி 'கிரீஸ்' அண்ணன். ஐம்பத்துநான்கு வயது. எந்தச் சட்டை போட்டாலும் இடது தோளில் ஒரு கிரீஸ் கறை இருக்கும். கல்யாணத்துக்கு வாங்கிய சட்டையிலும் இருந்தது என்று அவர் வீட்டில் சொல்வார்கள்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு வேளையில் அவன் மெஷின் ரூமில் உட்கார்ந்து தனக்குத் தானே படித்துக்கொண்டிருந்தான். அண்ணன் ஏணியில் ஏறி வந்து தலையை நீட்டினார்.

"என்ன மாப்ள, கமா கமான்னு ஜபம் பண்ற?"

அவன் சொன்னான். அண்ணன் காகிதத்தை வாங்கி ஒரு பக்கம் படித்தார். இன்னொரு பக்கம் படித்தார். டிபன் டப்பாவைத் திறக்கவே இல்லை.

"இந்தப் பொண்ணு காதை வெச்சுக் கேக்குது பாரு, இத நம்ம கம்பெனில சேத்துட்டா நாம ரெண்டு பேரும் வீட்ல தூங்கலாம். ஆமா, இதுக்கு முன்னால என்ன நடந்துச்சு?"

அவன் மீதிப் பக்கங்களைப் புரட்டினான்.

இருபது அத்தியாயம் சத்தமாகப் படித்தவன் அவன். எத்தனை காற்புள்ளி என்று கேட்டிருந்தால் குத்துமதிப்பாகச் சொல்லியிருப்பான்.

"என்னய்யா, சத்தமா படிச்சிருக்கேன்னு சொன்ன?"

"படிச்சேன்ணே. என்னன்னு தெரியல."

அதனால் சனியும் ஞாயிறும் அவன் முதலிலிருந்து படித்தான், இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டு. வெட்கமாகத்தான் இருந்தது. ஜன்னல் பக்கம் யாராவது போனால் காகிதத்தைக் குப்புறக் கவிழ்த்தான். பறக்கும் பல்லி வந்த இடத்தில் சிரித்தான், ஆனால் அந்தப் பல்லி காயம்பட்ட இடத்தில் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தான்.

பதினைந்து வயதுக்காரர்களுக்கு எழுதும் கதைகளில் ஒரு வாக்கு இருக்கிறது. நீ உரிய நேரத்தில் காது கொடுத்துக் கேட்டால் காப்பாற்றிவிடலாம் என்ற வாக்கு. அந்த வயதில் படிக்கிறவர்கள் அதை நம்புகிறார்கள். வளர்ந்தபின் படிக்கிறவர்களுக்கு நம்பிக்கை இல்லை. கேட்டோமா இல்லையா என்ற கணக்குதான் ஓடுகிறது. கதாநாயகி கயிற்றில் காது வைக்கும் பக்கங்களைத் தாண்ட முடியாமல் அவன் வீட்டுக்குள் சுற்றி வந்தான்.

பதினேழாம் அத்தியாயத்தில் மனைவி போட்ட குறி ஒன்றுகூட இல்லை. மற்ற அத்தியாயங்களில் பக்கத்துக்கு மூன்று நான்கு. பதினேழில் நான்கு பிழைகள் அப்படியே இருந்தன. ஒரு வார்த்தை இரண்டு தரம் வந்திருந்தது. அதைக்கூட விட்டிருந்தாள். அவள் பென்சிலாலேயே நான்கையும் திருத்தினான்.

6

திங்கட்கிழமை ஜோடி மாறியது. முந்தின இருபது அத்தியாயக் கதையையும் அவனிடம் கேட்டுக்கொண்டபின் அண்ணன் படித்தார், அவன் விரல் வைத்துத் தொடர்ந்தான். அண்ணனுக்குக் காற்புள்ளியெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு குரல். வில்லனுக்கு எங்கள் மேனேஜர் குரல்.

"அண்ணே, கமா சொல்லுங்க."

"சண்டை நடக்குது, இப்ப என்ன கமா?"

இருபத்து நான்காம் அத்தியாயம். போருக்கு முந்தின சாப்பாடு. எல்லோரும் ஒரு நீளப் பலகையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். கதாநாயகியின் கிண்ணம் காலி. அப்போது:

"இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா?" என்றாள் சமையல்காரி.

அண்ணன் நிறுத்தினார். அவன் விரலும் நின்றது. துணி மாட்டுவது போல.

"மாப்ள! சாகலடா அவ!" அண்ணன் தொடையில் தட்டினார். "நான்தான் சொன்னேன்ல, இந்த மாதிரி ஆளெல்லாம் சாக மாட்டாங்கன்னு."

"வலைல உடம்பு கெடச்சுதே அண்ணே."

"அது வேற யாரோ. எப்படித் தப்பிச்சான்னு பின்னால வரும் பாரு. படி, படி... இல்ல, நான்தானே படிக்கணும்."

அவர் வேகமாகப் படித்தார். அந்த அத்தியாயத்தில் வேறு ஒன்றும் வரவில்லை. அவள் கேட்டாள், அவ்வளவுதான். ஊற்றினாளா என்றுகூட இல்லை.

அன்று சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்து காகிதங்களை மேசையில் பரப்பினான். மழை வருகிற காற்று. மேல் பக்கங்கள் இரண்டு எழும்பித் தரையில் விழுந்தன. "பேப்பர் பறக்குது பாரு, ஜன்னலைச் சாத்திட்டு உக்காரேன்ப்பா," என்றாள். எழுந்து போய்ச் சாத்தினான். பக்கங்களை வரிசைப்படுத்தினான். மூலத்தை எடுத்து அந்த இடத்தை ஒத்துப் பார்த்தான். மூலத்திலும் அதே வரி இருந்தது. எழுத்தாளரே எழுதியதுதான். அத்தியாயங்களை முன்னும் பின்னுமாக மாற்றியடுக்கியபோது மறந்து விட்டுவிட்ட வரியாக இருக்கும்.

7

செவ்வாயும் புதனும் மீதி ஏழு அத்தியாயங்களையும் படித்து முடித்தார்கள். சமையல்காரி வரவில்லை. போர் முடிந்தது, ஊர் பிழைத்தது, பல்லி பிழைத்தது. கடைசிப் பக்கத்தை அண்ணன் மெல்லக் கீழே வைத்தார்.

"அப்ப அவ?"

"தப்புண்ணே. மறந்துபோய் எழுதிட்டாங்க."

அண்ணன் வெகு நேரம் தோள் கறையைச் சுரண்டினார். "ஒரே ஒரு வரிதானே மாப்ள. இருந்துட்டுப் போகட்டுமே."

இங்கே அவன் மனைவியின் தொழில் விதியைச் சொல்ல வேண்டும். வேலை தொடங்கிய புதிதில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது:

"நம்ம வேலை மூலத்தோட ஒத்துப் பாக்கறது. கதையைத் திருத்தறது இல்ல. கதைல இடிச்சா ஓரத்துல ஒரு கேள்விக்குறி. அவ்வளவுதான். அவங்க பாத்துப்பாங்க. ஆனா அழுத்திப் போடணும். மெல்லப் போட்டா யார் கண்ணுலயும் படாது. கேக்கறதுக்குப் பயந்துக்கிட்டுக் கேட்ட மாதிரி இருக்கும்."

ஆக, ஒரு கேள்விக்குறி. அதற்குத்தான் மூன்று நாள் நடை. முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று. அவன் குறி போடுகிறான். பதிப்பகத்து அம்மா எழுத்தாளரைக் கூப்பிடுகிறார். எழுத்தாளர் நாக்கைக் கடித்துக்கொண்டு அந்த வரியை எடுத்துவிடுகிறார். புத்தகம் சுத்தம். உள்பக்கத்தில் அவள் பெயரும் சுத்தம். சமையல்காரியை இரண்டாம் தரம் பனிக்குள் இறக்கியது அவன் கை.

முடிவு இரண்டு. அவன் போடவில்லை. மூலத்தில் உள்ளதுதானே என்று விதி அவன் பக்கம். எங்கோ ஒரு பதின்மூன்று வயதுப் பெண் அதைக் கண்டுபிடிக்கிறாள், அந்த வயதில் எதையும் விட மாட்டார்கள். 'மெய்ப்புப் பார்த்தவர் தூங்கிவிட்டாரா?' என்று பதிப்பகத்துக்கு எழுதுகிறாள். அவன் மனைவியின் கடைசிப் புத்தகத்தைப் பற்றி ஊர்ப் பேச்சு அதுவாக இருக்கிறது.

முடிவு மூன்று அண்ணனுடையது. "வலைல கெடச்சது வேற ஆள்னு நாலு வரி நீயே எழுதிச் சொருகிடு. யாருக்குத் தெரியப்போகுது?" அவன் எழுதிப் பார்த்தான். நாலு வரி என்ன, நாலு பக்கம் வந்தது. அதில் சமையல்காரி ஒரு கயிற்று நுனியைப் பிடித்துத் தொங்குகிறாள், திட்டிக்கொண்டே ஏறி வருகிறாள். நன்றாக இருந்தது. கிழித்துவிட்டான்.

[எதற்கு 'நானே முடிச்சுத் தரேன்' என்றான் என்று நாலாம் பகுதியில் கேட்டு வைத்திருந்தேன். இப்போது தோன்றுவது: ஒரு தரமாவது காதில் வாங்கிக்கொண்டு படிக்க வேண்டும் என்று இருந்திருக்கலாம். இருந்திருக்கலாம் என்பதற்கு மேல் போக மாட்டேன்.]

8

வியாழன் மூன்றரை மணி. பதிப்பகம் நான்காம் மாடி. அந்தக் கட்டடத்து லிஃப்ட் வேறு கம்பெனி பார்ப்பது. அவன் படியில் ஏறினான். மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில், படி திரும்புகிற இடத்தில் நின்றான். கட்டைப் பிரித்தான். இருநூற்று எண்பத்தேழு. பென்சிலை எடுத்தான். யாரோ மேலிருந்து இறங்கி வந்தார்கள், ஒதுங்கி வழிவிட்டான். காகிதத்தைச் சுவரில் வைத்து ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டான்.

மெல்லப் போட்டான். மிக மெல்ல. சாய்த்துப் பிடித்தால் தெரியும். நேராகப் பிடித்தால் காகிதத்தின் நார் என்று நினைக்கலாம்.

பதிப்பகத்து அம்மா பக்கங்களை விரலால் விசிறினார். அவள் குறிகள் போகின்றன, பிறகு அவன் குறிகள்.

"அவ எழுத்து மாதிரியே போட்டிருக்கீங்க."

"அவ பென்சில் மேடம்."

"ஓரத்துல கேள்வி ஏதாவது உண்டா? இருந்தா இப்பவே எழுத்தாளருக்குப் போன் போட்டுடுவேன்."

அவன் "—"

[இங்கே அவன் என்ன சொன்னான் என்று எட்டு விதமாக எழுதியிருக்கிறேன். உண்மையில் சொன்னது இது:]

"இருந்தா உங்க கண்ணுல படும் மேடம்."

அவர் கண்ணாடி தலைமேல் இருந்தது. அதை இறக்கவில்லை. அப்போது இறக்கவில்லை, பிறகு இறக்கினாரா தெரியாது. "உக்காருங்க தம்பி, டீ சொல்றேன்."

"வேலை இருக்கு மேடம்."

9

மூன்று வாரம் முன்பு புத்தகம் தபாலில் வந்தது. பச்சை அட்டை, கயிற்றில் தொங்கும் ஊர். மூன்றாம் பக்கத்தைத் திறந்தேன். மெய்ப்பு என்று போட்டு அவள் பெயர். பிழையில்லாமல் இருந்தது. மூடி மேசையில் வைத்தேன். அதற்குப் பின் பிரிக்கவில்லை. மேசையைத் துடைக்கும்போது தூக்கி, துடைத்து, வைக்கிறேன்.

கிரீஸ் அண்ணன் தினமும் கேட்டார். "பாத்தியா?"

"இல்லண்ணே."

"நீ பாக்கலன்னா நான் கடைல வாங்கிப் பாத்துடுவேன்."

"பாருங்க. சொல்லாதீங்க."

நேற்றிலிருந்து அவர் கேட்பதில்லை. மெஷின் ரூமில் என் முகத்தைப் பார்க்காமல் கயிற்றையே பார்க்கிறார். டிபன் டப்பாவைத் திறந்து, "கொஞ்சம் எடுத்துக்கோ மாப்ள," என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் யோசிக்கக் கூடாது. வழக்கமாகவும் சொல்வார்.

முடிவு என்னிடம் இல்லை. அது நூலகத்திலோ கடையிலோ பச்சை அட்டைக்குள் இருக்கிறது, எடுத்துப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. ஆனால் உங்களுக்கு வேறொரு வேலை இருக்கிறது.

இந்தக் கதையை எழுதி முடித்து நேற்று நானே மெய்ப்புப் பார்த்தேன், சத்தமாக, முற்றுப்புள்ளியெல்லாம் சொல்லி. ஆறாம் பகுதியில் விரல் நின்றது. திங்கட்கிழமை சாயங்காலம், காற்று, ஜன்னல். அங்கே ஒருத்தி பேசுகிறாள். இரண்டாம் பகுதியிலேயே அவள் இல்லை என்று எழுதிவிட்டேன். எப்படி அந்த வரி வந்தது என்று தெரியவில்லை. ஜன்னலைச் சாத்தியது மட்டும் நினைவிருக்கிறது.

அடிக்கவில்லை. மூலத்தில் இருப்பதை அடிப்பது மெய்ப்புப் பார்க்கிறவன் வேலை இல்லை.

பக்கத்தில் ஓரம் விட்டிருக்கிறேன். நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். குறி போடுவதாக இருந்தால் மட்டும், அழுத்திப் போடுங்கள்.